ஜப்பானில் செலவைக் குறைத்துத் தங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானுக்குக் கிளம்பும் நண்பர்களும் உறவினர்களும் விமான டிக்கெட் போட்ட கையோடு கேட்பது தங்குமிடம் பற்றித்தான். ‘ஹோட்டல் எல்லாம் கொள்ளை விலையாமே?’ என்று ஆரம்பித்து குளியலறை, பெட்டி, சாப்பாடு என்று கேள்விகள் நீளும். அடிக்கடி வருகிறவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். விலைகள் எல்லாம் சுமாரான கணக்கு. அண்மை ஆண்டுகளில் ஒரு யென் நம் பணத்தில் 55 முதல் 60 பைசா வரை இருந்துவருகிறது. 1,000 யென் என்றால் 600 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஓர் இரவுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

ஹாஸ்டலின் பொது அறையில் ஒரு கட்டில் 2,500 முதல் 5,000 யென். கேப்சூல் ஹோட்டல் (ஒருவர் மட்டும் படுக்கும் அளவு பெட்டி போன்ற அறை) 3,000 முதல் 6,000. தனி அறையும் தனிக் குளியலறையும் உள்ள பிசினஸ் ஹோட்டலில் ஒற்றை அறை 6,000 முதல் 12,000. சாதாரண வார நாட்களுக்கு இந்தக் கணக்கு சரியாக வரும். சனிக்கிழமை இரவும் சீசன் நாட்களும் வேறு கதை. அதே அறை இரண்டு மடங்கு, சில ஊர்களில் மூன்று மடங்குகூட ஆகும்.

இவ்வளவு குறைந்த விலையில் கிடைக்கும் இடம் சுத்தமாக, பாதுகாப்பாக இருக்குமா?

இருக்கும். நம் ஊர் அனுபவத்தை வைத்து ஜப்பானின் மலிவான அறையைக் கற்பனை செய்துகொண்டு பயந்துபோய், தேவையில்லாமல் நான்கு நட்சத்திர ஹோட்டலில் பணத்தைக் கொட்டுகிறவர்கள் நிறையப் பேர். ஜப்பானில் விலை குறையக் குறைய முதலில் சுருங்குவது இடம். அறை சின்னதாகும், ஜன்னல் எதிர்க் கட்டடத்தின் சுவரைப் பார்க்கும், லிஃப்ட் இல்லாமல் போகும், குளியலறை பொதுவாகும். விரிப்பு மட்டும் துவைத்ததாகவே இருக்கும், கழிப்பறை பளிச்சென்று இருக்கும்.

அதனால் ‘இது நல்ல இடமா?’ என்று கேட்பதைவிட ‘இங்கே எதை விட்டுக்கொடுக்கப் போகிறேன்?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். தூக்கம் லேசானவர் தனி அறையை விட்டுக்கொடுக்கக் கூடாது. முழங்கால் வலி உள்ளவர் லிஃப்டை விட்டுக்கொடுக்கக் கூடாது. பெரிய அறை, அழகான காட்சி இவற்றை யார் வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம். எப்படியும் பகல் முழுக்க வெளியேதான் சுற்றப்போகிறோம்.

கேப்சூல் ஹோட்டலில் மூச்சு முட்டாதா?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. ஒரு கேப்சூல் ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம். உட்கார்ந்து புத்தகம் படிக்கலாம், எழுந்து நிற்க முடியாது. உள்ளே விளக்கு, பிளக், காற்று வரும் துளை, சில இடங்களில் சின்ன டிவியும் இருக்கும். உலகின் முதல் கேப்சூல் ஹோட்டல் 1979இல் ஒசாகாவின் உமேதா பகுதியில் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா. அப்போது கடைசி ரயிலைத் தவறவிட்ட அலுவலக ஆண்கள்தான் முக்கியமான வாடிக்கையாளர்கள். இப்போது பெண்களுக்கான தளம், தனி லிஃப்ட், தனிக் குளியலறை என்று பல இடங்கள் மாறிவிட்டன. ஆனாலும் ஆண்களுக்கு மட்டும் என்று இருக்கும் பழைய இடங்களும் உண்டு. பதிவு செய்யும் முன் அதைப் பாருங்கள். கணவன் மனைவியாகப் போனாலும் வேறு வேறு தளத்தில்தான் தூங்க வேண்டும்.

நடைமுறை இப்படி: வாசலில் செருப்பு, ஷூவைக் கழற்றி ஷூ லாக்கரில் வைக்க வேண்டும். வரவேற்பில் உடை லாக்கரின் சாவி, துண்டு, பைஜாமா, பல் தேய்க்கும் பிரஷ் தருவார்கள். லாக்கர் ஒல்லியாக இருக்கும். முதுகுப் பை நுழையும், பெரிய சூட்கேஸ் நுழையாது. அதை வரவேற்புக்குப் பக்கத்தில் கட்டிவைக்கச் சொல்வார்கள். கேப்சூலுக்குப் பூட்டு கிடையாது, திரையோ சுருள் தட்டியோதான். தீ விபத்து நேர்ந்தால் ஆட்கள் உடனே வெளியேற வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. பாஸ்போர்ட், பணம், போன் மூன்றையும் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியைக் கையில் மாட்டிக்கொண்டு தூங்குங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று இரவுகள் சேர்த்துப் பதிவு செய்தாலும், பல கேப்சூல் ஹோட்டல்களில் தினமும் காலை 10 மணிக்குச் சாமானோடு வெளியேறி, மதியம் 3 மணிக்கு மேல் திரும்ப வர வேண்டும். மதியம் வந்து ஒரு மணி நேரம் கண்ணயரும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது பெரிய தொந்தரவு. சத்தமும் உண்டு: குறட்டை, அதிகாலை அலாரம், பெட்டி ஜிப் திறக்கும் ஓசை. காதடைப்பான் இல்லாமல் போகாதீர்கள்.

என் அபிப்பிராயத்தில் ஒரு பயணத்தில் ஓர் இரவு கேப்சூல் போதும். விமான நிலையத்துக்குப் போகும் முந்தைய இரவு அதற்குச் சரியான நேரம். நரிதாவின் 2ஆம் முனையத்திலேயே ஒரு கேப்சூல் ஹோட்டல் இருக்கிறது. விடிகாலை விமானம் பிடிக்கிறவர்களுக்கு அதைவிட வசதி இல்லை.

தனி அறைதான் வேண்டும். அதிலே மலிவு எது?

பிசினஸ் ஹோட்டல். ஊர் ஊராக அலையும் விற்பனை அலுவலர்களுக்காக உருவானது. டோயோக்கோ இன், சூப்பர் ஹோட்டல், ரூட் இன், அப்பா (APA), டோர்மி இன் போன்ற பெரிய சங்கிலிகள் நாடு முழுக்க, பெரும்பாலும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே கடை விரித்திருக்கின்றன. அறை 10 முதல் 15 சதுர மீட்டர்தான். ஆனால் அதற்குள் கட்டில், மேசை, கெட்டில், சின்ன ஃப்ரிட்ஜ், ஏசி, வைஃபை, குளியல் தொட்டியுடன் கூடிய குளியலறை எல்லாம் அடங்கிவிடும். கட்டடத்தின் ஏதாவது ஒரு மாடியில் காசு போட்டுத் துவைக்கும் இயந்திரம் இருக்கும். டோயோக்கோ இன்னிலும் சூப்பர் ஹோட்டலிலும் காலை உணவு வாடகையிலேயே அடக்கம். டோர்மி இன்னில் இரவு நேரத்தில் ஒரு கிண்ணம் ராமென் நூடுல்ஸ் இலவசமாகத் தருவார்கள், மேல்மாடியிலோ கீழ்த்தளத்திலோ பெரிய பொதுக் குளியல் இருக்கும். இப்படிக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் 4,000 யென் ஹாஸ்டலைவிட 6,500 யென் பிசினஸ் ஹோட்டல் சில நாள் லாபமாகவே முடியும்.

இருவராகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் கட்டில். ‘செமி டபுள்’ என்று போட்டு விலை குறைவாகக் காட்டுவார்கள். அந்தக் கட்டில் 120 சென்டிமீட்டர் அகலம்தான், ஒருவர் தாராளமாகப் படுக்கும் அளவு. ‘டபுள்’ 140 சென்டிமீட்டர். ‘ட்வின்’ என்றால் இரண்டு தனிக் கட்டில். நண்பர்களாகப் போகிறவர்கள் ட்வின் எடுத்துவிடுங்கள், காசு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

அப்புறம், ஜப்பானில் வாடகை பெரும்பாலும் அறைக்கு என்று இல்லை, தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும். ஒருவர் என்று பதிவு செய்துவிட்டு இருவராகப் போய் நின்றால் வரவேற்பிலேயே நிறுத்திவிடுவார்கள். தேடும்போதே ஆட்களின் எண்ணிக்கையைச் சரியாகக் கொடுங்கள். புகைபிடிக்கும் அறையா, பிடிக்காத அறையா என்பதையும் பாருங்கள். சில நேரம் விலை குறைவாக இருப்பதற்குக் காரணமே அது புகை அறை என்பதுதான். அந்த வாடை திரைச்சீலையை விட்டுப் போகாது.

ஹாஸ்டல் இளைஞர்களுக்கு மட்டும்தானா?

இல்லை. ஐம்பது, அறுபது வயதுக்காரர்களையும் அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். ஹாஸ்டலின் பெரிய பலம் சமையலறையும் பொதுக்கூடமும். மற்ற பயணிகளிடம் பேசித் தெரிந்துகொள்ளும் செய்தி எந்தக் கையேட்டிலும் இருக்காது. மலைப்பகுதிகளிலும் சின்ன ஊர்களிலும் யூத் ஹாஸ்டல் சங்கத்தைச் சேர்ந்த விடுதிகள் இருக்கின்றன. உறுப்பினர் அட்டை இருந்தால் தள்ளுபடி உண்டு. சின்ன விடுதிகளில் இரவு 10, 11 மணிக்குக் கதவைச் சாத்திவிடும் வழக்கம் இருக்கலாம், அதை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏர்பிஎன்பி மாதிரி வீடுகள் மலிவாகக் கிடைக்குமா?

நான்கைந்து பேராக, ஒரே ஊரில் நான்கைந்து நாள் தங்கினால் கிடைக்கும். ஓர் இரவு, இரண்டு இரவுக்கு எடுத்தால் துப்புரவுக் கட்டணம் சேர்ந்து பிசினஸ் ஹோட்டலைவிட அதிகமாகிவிடும்.

இதில் சட்டமும் இருக்கிறது. வீட்டை வாடகைக்கு விடுவதற்கான தனிச்சட்டம் 2018 ஜூன் 15 முதல் அமலுக்கு வந்தது. அதன்படி வீட்டுக்காரர் அரசிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். ஆண்டுக்கு 180 இரவுக்கு மேல் விடக் கூடாது. சட்டம் வருவதற்குச் சில நாட்கள் முன்பு, பதிவு எண் இல்லாத ஆயிரக்கணக்கான வீடுகளை ஏர்பிஎன்பி ஒரே வீச்சில் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. முன்பதிவு செய்திருந்தவர்கள் வேறு இடம் தேடி ஓட வேண்டியதாயிற்று. கியோட்டோ நகராட்சி இன்னும் கடுமை: குடியிருப்புக்கென்றே ஒதுக்கிய பகுதிகளில் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை மட்டும்தான் பொதுவாக அனுமதி.

ஆகவே அந்த வீட்டின் இணையப் பக்கத்தில் பதிவு எண்ணோ விடுதி உரிமமோ போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘பக்கத்து வீட்டார் கேட்டால் நண்பர் என்று சொல்லுங்கள்’ என்று வீட்டுக்காரர் எழுதினால் அந்த வீடு வேண்டாம். தங்கினால் குப்பையைப் பிரித்துப் போடுங்கள், இரவு 9 மணிக்கு மேல் பால்கனியில் நின்று போன் பேசாதீர்கள். மரச் சுவர் வழியாக எல்லாம் கேட்கும். பல தெருக்களில் அண்டை வீட்டாரின் புகாரால்தான் இப்படிப்பட்ட வீடுகளை மூடினார்கள்.

டோக்கியோ, ஒசாகா, கியோட்டோவில் எந்தப் பகுதியில் தேடுவது?

டோக்கியோவில் ஷின்ஜுகு, ஷிபுயா என்று தேடத் தொடங்கினால் விலை அதிரவைக்கும். கிழக்குப் பக்கம் வாருங்கள். உவேனோ, அசாகுசா, குராமாயே பகுதிகளில் ஹாஸ்டல்களும் சின்ன ஹோட்டல்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. நரிதா விமான நிலையத்திலிருந்து கெய்செய் ரயில் உவேனோவுக்கு நேராக வருகிறது. அதன் இன்னொரு தடம் அசாகுசா வழியாகவே போகிறது. முதல் நாள் தூக்கக் கலக்கத்தில் பெட்டியோடு ரயில் மாற வேண்டாம் என்பது பெரிய விஷயம்.

இன்னும் மலிவு வேண்டுமென்றால் மினாமி செஞ்சு. பக்கத்தில் சன்யா என்று அழைக்கப்பட்ட பகுதி, டோக்கியோவின் கட்டடங்களைக் கட்டிய தினக்கூலித் தொழிலாளர்கள் தங்கிய இடம். அவர்களுக்கு வயதாகி, வேலை குறைந்து, அறைகள் காலியானபோது 2002 உலகக் கோப்பைக் கால்பந்தையொட்டி வெளிநாட்டுப் பயணிகள் வரத் தொடங்கினார்கள். மூன்று ஜப்பானியப் பாய் விரிக்கும் அளவு அறை, பொதுக் குளியலறை, தெளிவான விலை. ஒசாகாவில் இதற்கு இணையானது ஷின் இமாமியா நிலையத்தைச் சுற்றியுள்ள நிஷினாரி பகுதி. கான்சாய் விமான நிலையத்திலிருந்து நான்காய் ரயிலில் ஏறினால் நேராக அங்கே இறங்கலாம். அந்தத் தெருக்களில் வயதான தொழிலாளர்கள் உட்கார்ந்திருப்பார்கள், சிலர் வீடற்றவர்கள். அவர்களால் பயணிகளுக்கு ஆபத்து என்று பேசுவது நியாயமே இல்லை. அவர்களைப் புகைப்படம் எடுக்காமல், வணக்கம் சொல்லிக் கடந்து போங்கள். அந்த மலிவு அறைகள் இருப்பதே அவர்களால்தான்.

டோக்கியோவில் நம்மவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு நிஷி காசாய். எதோகாவா வார்டில், தோசாய் சுரங்க ரயில் தடத்தில் இருக்கிறது. ஐடி வேலைக்கு வந்த இந்தியக் குடும்பங்கள் பல ஆண்டுகளாக அங்கே வாழ்கின்றன; தமிழ்க் குடும்பங்களும் உண்டு. இந்தியக் கடை, சாப்பாட்டுக் கடை நடக்கும் தூரத்தில் இருக்கும். நகர மையத்துக்குக் கால் மணி நேரம். பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம் இது.

கியோட்டோவில் அறை கிடைக்கவில்லையா? ஓட்சு பாருங்கள். பிவா ஏரிக் கரையில் உள்ள ஊர், கியோட்டோ நிலையத்திலிருந்து ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ரயிலில் இரண்டாவது நிறுத்தம், பத்து நிமிடம்தான். கியோட்டோவுக்குள்ளேயே தங்கிக்கொண்டு நெரிசல் பேருந்தில் நிற்பதைவிட இது சீக்கிரம். இலையுதிர் காலச் சனிக்கிழமையில் விலை வித்தியாசத்தைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

ஒரு பொது விதி: வரைபடத்தில் ‘நகர மையம்’ எவ்வளவு தூரம் என்று பார்க்காதீர்கள். ரயில் நிலையம் எவ்வளவு தூரம், அது எந்தத் தடம் என்று பாருங்கள். நிலையத்திலிருந்து ஏழு எட்டு நிமிட நடைக்குள் இருந்தால் எந்தப் புறநகரும் டோக்கியோதான்.

எந்த மாதத்தில் மலிவு?

ஜனவரி 10க்குப் பிறகு பிப்ரவரி வரை, ஜூன் மழைக்காலம், டிசம்பர் முதல் பாதி. இந்த நாட்களில் கியோட்டோகூட கைக்கு அடக்கமாக இருக்கும்.

தவிர்க்க வேண்டியவை: செர்ரி மலரும் மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம், ஏப்ரல் 29 முதல் மே 5 வரை வரும் கோல்டன் வீக் விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைவுகூரும் ஓபோன் பண்டிகை, கியோட்டோவில் இலை சிவக்கும் நவம்பர், ஆண்டுக் கடைசியும் புத்தாண்டும். பிப்ரவரியில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு நடக்கும் ஊர்களில் மாணவர்கள் அறைகளை நிரப்பிவிடுவார்கள். பெரிய பாடகர் கச்சேரி நடக்கும் நாளில் ஃபுகுவோகா, சப்போரோ மாதிரி ஊர்களில் ஓர் அறையும் மிஞ்சாது. உங்கள் தேதியில் திடீரென்று விலை எகிறியிருந்தால் காரணம் பெரும்பாலும் இப்படி ஏதாவது ஒன்று. ஊர் வரிசையை மாற்றிப்போட்டு, சனிக்கிழமை இரவைச் சின்ன ஊரில் கழித்தாலே நல்ல தொகை மிஞ்சும்.

விசா வாங்கும் முன்பே அறை பதிவு செய்ய வேண்டுமா?

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா தேவை. விண்ணப்பத்தோடு தரும் பயணத் திட்டத்தில் ஒவ்வோர் இரவும் எங்கே தங்குகிறீர்கள், முகவரி, தொலைபேசி எண் என்ன என்று எழுத வேண்டும். அதற்கு இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறைகளைப் பதிவு செய்யுங்கள். விசா வந்த பிறகு நிதானமாக நல்ல விலைக்கு மாற்றிக்கொள்ளலாம். இல்லாத பதிவை இருப்பதாக எழுதிக்கொடுக்காதீர்கள், விண்ணப்பமே நின்றுபோகும். மலேசியா, சிங்கப்பூர் குடிமக்களுக்குக் குறுகிய சுற்றுலாவுக்கு விசா வேண்டாம். ஆனால் யாராக இருந்தாலும் வந்து இறங்கும்போது முதல் தங்குமிடத்தின் முகவரியைக் கேட்பார்கள். போனில் சார்ஜ் இல்லாவிட்டாலும் எடுக்கும்படி ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள்.

பதிவுத் தளத்தில் காட்டும் விலைக்கு மேல் வேறு வரி உண்டா?

சில ஊர்களில் தங்கும் வரி உண்டு, தனியாக வாங்குவார்கள். டோக்கியோவில் 2002 முதல் இருக்கிறது. அது ஒருவருக்கு 10,000 யென்னுக்கு மேற்பட்ட அறைகளுக்குத்தான் என்று இருந்துவந்ததால் மலிவு அறைகளில் தங்கியவர்களுக்குச் சுமை இல்லை. கியோட்டோ 2018 அக்டோபரில் கொண்டுவந்தது, அங்கே மிக மலிவான கட்டிலுக்கும் 200 யென் உண்டு. வெந்நீர் ஊற்று ஊர்களில் குளியல் வரி என்று 150 யென் கேட்பார்கள். டிப்ஸ் எங்கேயும் தர வேண்டாம், கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள்.

வரவேற்பில் பாஸ்போர்ட்டை நகல் எடுக்கிறார்களே, கொடுக்கலாமா?

கொடுங்கள். ஜப்பானில் முகவரி இல்லாத வெளிநாட்டவர் தங்கினால் பாஸ்போர்ட்டைப் பார்த்து நகல் எடுக்க வேண்டும் என்பது விதிமுறை. நகல் எடுத்ததும் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள், இரவு முழுக்க வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

வெளிநாட்டவர் என்று அறை மறுப்பார்களா?

விடுதிச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, குறிப்பிட்ட சில காரணங்கள் இல்லாமல் விருந்தினரை மறுக்கக் கூடாது என்கிறது. எந்த நாட்டவர் என்பது அந்தக் காரணங்களில் இல்லை. கிராமப்புறத்தில் வயதானவர்கள் நடத்தும் சின்ன விடுதியில், போனில் மொழி புரியாமல் தயங்குவது நடக்கும். அவர்களுக்கு வரும் பயம் ‘சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா, நாம் சொல்வது புரியுமா’ என்பதுதான். மொழிபெயர்ப்புச் செயலியில் இரண்டு வரி ஜப்பானிய மொழியில் எழுதி, எத்தனை மணிக்கு வருவீர்கள், எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள்.

குழந்தைகளோடும் பெற்றோரோடும் போகிறோம். என்ன செய்வது?

பள்ளி வயதுக்குக் கீழான குழந்தை பெற்றோர் கட்டிலிலேயே படுத்தால் பல ஹோட்டல்களில் கட்டணம் இல்லை. பெரிய பிள்ளைகளுக்கு ஹோட்டலுக்கு ஹோட்டல் விதி மாறும்.

நான்கைந்து பேர் ஒரே அறையில் இருக்க வேண்டுமென்றால் பாய் விரித்த ஜப்பானிய அறைதான் சிக்கனம். குடும்பங்கள் நடத்தும் மின்ஷுகு விடுதிகளில் இது கிடைக்கும். தரையில் மெத்தை விரித்து வரிசையாகப் படுக்கலாம். நம் வீட்டுக் கல்யாண மண்டபத்தில் படுத்த மாதிரி பிள்ளைகள் குதூகலமாக இருப்பார்கள். ஆனால் அம்மா அப்பாவுக்கு முழங்கால் வலி இருந்தால் தரையிலிருந்து எழுவது சிரமம். அவர்களுக்குக் கட்டில் உள்ள அறை எடுத்துவிடுங்கள், இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

மின்ஷுகுவில் இரவு உணவு 6, 7 மணிக்கு. சொன்ன நேரத்துக்குப் போய்விட வேண்டும். தாமதமானால் கட்டாயம் போன் செய்யுங்கள், உங்களுக்காகச் சமைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் எங்கே தங்கினால் நல்லது?

சமையலறை உள்ள ஹாஸ்டல் அல்லது அடுப்பு உள்ள அடுக்ககம். ஜப்பானில் மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு, காய்கறிக் கூட்டு என்று பார்ப்பதற்குச் சைவமாகத் தெரிவதில்கூட மீன் சாறு கலந்திருக்கும். ஹோட்டல் இலவசக் காலை உணவில் சோறு, ரொட்டி, சாலட், பழரசம் மட்டும் நம்பலாம்.

வீட்டிலிருந்து சின்ன ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நம் ஊர்ச் சாதனம் 230 வோல்ட், அங்கே 100 வோல்ட். சோறு வேகாது. ஹோட்டல் அறையில் சமைக்கவும் கூடாது. அதைவிட எளிய வழி இருக்கிறது: சூப்பர் மார்க்கெட்டிலும் கன்வீனியன்ஸ் கடையிலும் வெந்த வெள்ளைச் சோறு 200 கிராம் பொட்டலமாகக் கிடைக்கும். ஹோட்டல் தாழ்வாரத்து மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் சூடாக்கி, கொண்டுபோன புளிக்காய்ச்சலையோ பருப்புப் பொடியையோ பிசைந்து சாப்பிடலாம். பச்சைக் கறிவேப்பிலை, பழம் போன்றவற்றை மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.

செலவானாலும் ஒரு முறை செய்ய வேண்டியது கோயாசான் மலையில் கோவில் விடுதியில் தங்குவது. 9ஆம் நூற்றாண்டில் கூக்காய் என்ற துறவி நிறுவிய பௌத்தத் தலம். 50க்கும் மேற்பட்ட கோவில்களில் பயணிகள் தங்கலாம். இரண்டு வேளைச் சாப்பாட்டோடு ஒருவருக்கு 10,000 யென்னுக்கு மேல் ஆகும். ஆனால் துறவிகளின் சமையல் என்பதால் இறைச்சி, மீன் மட்டுமல்ல, வெங்காயம், பூண்டுகூட இருக்காது. விடிகாலைப் பூசையிலும் உட்காரலாம். பல நாள் வெறும் ரொட்டியில் ஓட்டிய சைவப் பயணிக்கு அந்தச் சாப்பாடு எவ்வளவு நிம்மதி தரும் என்று சொல்லி முடியாது.

பொதுக் குளியலில் உடை இல்லாமல் குளிக்க வேண்டுமாமே?

ஆமாம், நீச்சலுடைக்கும் அனுமதி இல்லை. ஆண், பெண் தனித்தனி. முதலில் ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் தொட்டியில் இறங்க வேண்டும். துண்டைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது. பச்சை குத்தியிருந்தால் பல இடங்களில் விட மாட்டார்கள். கூச்சம் போகாதவர்கள் பிசினஸ் ஹோட்டலோ, ஷவர் அறை உள்ள ஹாஸ்டலோ தேர்ந்தெடுங்கள். யாரும் கட்டாயப்படுத்தப்போவதில்லை.

பெரிய பெட்டியை என்ன செய்வது?

கொண்டுபோகாமல் இருப்பது உத்தமம். முடியாதென்றால் ஹோட்டல் வரவேற்பில் சொல்லி அடுத்த ஊர் ஹோட்டலுக்குக் கூரியரில் அனுப்பிவிடலாம். டோக்கியோவில் காலையில் கொடுத்தால் மறுநாள் கியோட்டோவில் இருக்கும். 2,000 முதல் 3,000 யென் ஆகும். நீளம், அகலம், உயரம் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு டோக்கியோ–ஒசாகா ஷின்கான்சென் அதிவேக ரயிலில் தனி இடம் முன்பதிவு செய்ய வேண்டும் என்ற விதியும் 2020 மே முதல் இருக்கிறது.

இரவுப் பேருந்தில் போய் ஓர் இரவு வாடகையை மிச்சப்படுத்தலாமா?

இளைஞர்கள் செய்யலாம். டோக்கியோவின் ஷின்ஜுகு பேருந்து முனையத்திலிருந்து ஒசாகாவுக்கு ஏறக்குறைய எட்டு மணி நேரம். ஷின்கான்சென்னில் 14,000 யென் ஆகும் தூரம் இது. வார நாளில் பேருந்துக்கு அதில் பாதியோ அதற்கும் குறைவோதான். பெண் பயணிக்குப் பக்கத்தில் பெண்ணையே உட்காரவைக்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் காலை 6 மணிக்கு இறக்கிவிடுவார்கள், அறை 3 மணிக்குத்தான் கிடைக்கும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அன்றைய பகல் வீணாகும் வாய்ப்பு அதிகம். அதையும் செலவில் சேர்த்துப் பாருங்கள்.

ஹாஸ்டலில் வேலை செய்து இலவசமாகத் தங்கலாம் என்கிறார்களே?

சுற்றுலா விசாவில் வேண்டாம். கூலி பணமாக வராமல் கட்டிலாக வந்தாலும் அதை வேலையாகவே கருத இடமிருக்கிறது. மாட்டினால் நாட்டை விட்டு அனுப்புவார்கள், அடுத்த விசாவும் கேள்விக்குறி.

வர முடியாமல் போனால்?

ரத்து செய்யாமல் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான இடங்களில் அன்றைய முழு வாடகையையும் கேட்பார்கள். பதிவின்போது கொடுத்த நேரத்தைத் தாண்டிவிட்டால் வரமாட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டு அறையை வேறொருவருக்குக் கொடுக்கும் விடுதிகளும் உண்டு. விமானம் தாமதம் என்றால் ஏறும் முன்பே ஒரு செய்தி அனுப்புங்கள்.

கடைசி ரயிலைத் தவறவிட்டுவிட்டேன். அறைக்கு எப்படிப் போவது?

டோக்கியோவில் ரயில்கள் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும், மறுபடி 5 மணி வாக்கில்தான் ஓடும். டாக்சியில் இரவு 10 முதல் காலை 5 வரை 20 சதவீதம் கூடுதல் கட்டணம். தூரமென்றால் அறை வாடகையைவிட அதிகமாகும். அதற்குப் பதில் பக்கத்தில் மாங்கா கஃபே (காமிக்ஸ் படிக்க, இணையம் பார்க்க இரவு முழுக்கத் திறந்திருக்கும் கடை) தேடுங்கள். சின்ன தடுப்பறை, இலவச பானம், பல இடங்களில் ஷவரும் இருக்கும். இரவுக் கட்டணம் என்று மொத்தமாக ஒரு விலை சொல்வார்கள். டோக்கியோவில் 2010 முதல் அடையாள ஆவணம் காட்டுவது கட்டாயம், எனவே பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பயணி பாஸ்போர்ட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது எப்படியும் அந்நாட்டுச் சட்டம். விடியும்வரை திறந்திருக்கும் பெரிய குளியல் நிலையங்களிலும் சாய்வு நாற்காலியில் தூங்கலாம். நள்ளிரவுக்கு மேல் தங்கினால் அங்கே கூடுதல் கட்டணம் உண்டு என்பதை உள்ளே போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.